புஸ் மாத் பறந்தது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன அக்டோபர் 15ஆம் தேதி காலை நம் புஸ் மாத் மாடல் விமானம் நாலு நிமிஷம் வானத்தில் இருந்தது. வர முடியாதவர்கள் "என்ன ஆச்சு சார்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முப்பது வருஷம் தபால் பிரித்த கை என்னுடையது. 1932இல் அதே அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா ஒரு புஸ் மாத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். முகத்தில் காற்று அறையப் பறந்த காலத்தில், டி ஹாவிலண்ட் கம்பெனியின் இந்தக் குட்டி விமானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். அதன் மாடலைச் செய்து, அதே தேதியில் பறக்கவிட வேண்டும் என்பது ஓய்வுபெற்ற நாள் முதலே என் ஆசை. "பேரே புஸ். புஸ்ஸென்று போகாமல் இருந்தால் சரி" என்றார் மச்சான். அவருக்கும் நன்றி, ரோஷம் வந்தது அதனால்தான்.

எதிர்வீட்டு ஆசாரி அண்ணனுக்குத்தான் முதல் கும்பிடு. ஆறில் ஒரு பங்கு அளவு என்றாலும் இறக்கை ஆறடி ஒன்றரை அங்குலம் வருகிறது. எந்த வண்டியில் ஏற்றுவது? அசல் விமானத்தின் இறக்கைகள் பின்பக்கமாக மடியும் என்று படத்தைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போனவர், பழைய பூஜை அலமாரியின் பித்தளைக் கீல் இரண்டோடு வந்தார். அப்புறம் ஆட்டோவிலேயே போய்விட்டது. அன்றைக்கு அகமதாபாத்தில் டாடாவுக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்ததாம்; நமக்கு விமானமே ஆட்டோவில் வந்தது. வாடகை வாங்க மறுத்த ஆட்டோ தம்பிக்கு நன்றி.

ஆகஸ்டில் நடந்த முதல் சோதனையில் இடது இறக்கை படபடவென்று நடுங்கி ஒடிந்தது. என் வேலையின் குறைதான். ஆனால் அசலுக்கும் இதே சாபம் இருந்தது. புஸ் மாத்துகள் பல நடுவானில் இறக்கை முறிந்து விழுந்திருக்கின்றன. காற்றுக் கொந்தளிப்பில் இறக்கை நடுங்குவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, இறக்கையைத் தாங்கும் முன்பக்க முட்டுக்குச் சின்னதாக இன்னொரு முட்டுக் கொடுத்தார்கள். இதைத் தேடிப் படித்துச் சொன்னவன் மாடி வீட்டுக் கல்லூரிப் பையன். "தாத்தா, நாமும் வைப்போம்" என்றான். ஒரு சாண்கூட வராத மூங்கில் குச்சி, அதுதான் காப்பாற்றியது. கண்ணு, நீ நல்லா இருக்கணும்.

டெய்லர் அக்கா இறக்கைக்கு மல் துணியை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டிக்கொடுத்தார். ரிச்சி ஸ்ட்ரீட் கடைத் தம்பி மோட்டாரை மூன்று முறை மாற்றிக்கொடுத்தும் முகம் சுளிக்கவில்லை. தரிசு நிலத்தில் முள் வெட்டித் தந்த ஊர்க்காரர்களையும், எல்லோருக்கும் சுக்குக் காபி போட்ட என் வீட்டம்மாவையும் மறக்க முடியுமா!

தெருப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. 1932இல் அன்றைக்கு டாடா கொண்டுவந்த தபால் சுமார் 25 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றுமே ஆறில் ஒரு பங்கு என்பதால் 216ஆல் வகுத்தால், நம் மாடலுக்குச் சுமார் 116 கிராம் வந்தது. தராசில் நிறுத்து நிறுத்து, அந்த எடைக்குப் போஸ்ட் கார்டு எழுதிக் கொடுத்தார்கள். அவற்றை விமானத்தின் அறைக்குள் அடுக்கிக் கட்டித்தான் பறக்கவிட்டோம். இறங்கும்போது மட்டும் மூக்கு ஈர மண்ணில் குத்திவிட்டது.

கார்டுகளை மறுநாளே பெட்டியில் போட்டுவிட்டேன். ஒன்றில் ஓரமெல்லாம் செம்மண் கறை. ஆசாரி அண்ணே, அது உங்களுக்கு வருகிற கார்டு.