செயலாளர் ஆண்டறிக்கை: நம் ரைஃபிள்களுக்கு ஏற்ற தோட்டா

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த ஒரு வேலைக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதி போகிறது: 50 மீட்டர் பிரிவில் நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஒவ்வொரு .22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளுக்கும் எந்தத் தோட்டா ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “எந்த கம்பெனித் தோட்டா நல்லது?” என்ற கேள்விக்கு விடை இல்லை. பெயரும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும். லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மாறினால் குரூப், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகள் தாளில் விழும் கொத்து, மாறிவிடும். ஒரு ரைஃபிளில் முதலிடம் பிடித்த லாட், அதே மாடலின் இன்னொரு ரைஃபிளில் கடைசிக்குப் போனது. குழலின் உள்விட்டம், சேம்பர் (தோட்டா அமரும் அறை), குழல்வாய் ஆகியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளும், தோட்டாவின் வெடிமருந்து, அடிபட்டதும் அதைப் பற்றவைக்கும் பிரைமர் கலவை, ஈயக் குண்டின் அளவு, மெழுகுப் பூச்சு ஆகியவையும் சேர்ந்து செய்யும் வேலை அது. சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பகுதியின் நடுவில் பிரைமர் உள்ளது) என்றால் மருந்தளவையும் தோட்டாக் கூட்டுக்குள் குண்டு இறங்கும் ஆழத்தையும் மாற்றி ரைஃபிளுக்குத் தக்கபடி தயாரிக்கலாம். நம் .22 போல விளிம்பில் பிரைமர் உள்ள ரிம்ஃபயரில் அந்த வசதி கிடையாது. ஆலையிலிருந்து வருவதில் தேர்ந்தெடுத்துக்கொள்வதுதான் ஒரே வழி. ஈலி (Eley), லாபுவா (Lapua) போன்ற தோட்டா நிறுவனங்கள் ரைஃபிளை இடுக்கியில் பூட்டி லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கும் மையங்களையே நடத்துகின்றன. நம்மிடம் இடுக்கி இல்லை. முன்னால் தாங்கி, ரைஃபிள் கட்டைக்கு (ஸ்டாக்) அடியில் மணல் பை, பொறுமையான ஒரே சுடுநர் என்று சமாளித்தோம்.

பின்பற்றிய முறை இது. ஸ்டாக் திருகாணிகளையும் சைட்டையும் (குறிபார்க்கும் கருவி) கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபார்த்த பிறகே முதல் தோட்டா. இதை விட்டுவிட்டால் சோதிப்பது தோட்டாவை அல்ல, தளர்ந்த திருகாணியை. குழலைச் சுத்தம் செய்து, சேம்பருக்குச் சற்று முன்னால் படியும் கரி வளையத்தையும் எடுத்துவிட வேண்டும். சுத்தமான குழல் உடனே ஒழுங்காகச் சுடாது. 15, 20 தோட்டா போன பிறகுதான் நிலைக்கு வரும். லாட் மாறும்போதும் பழைய மெழுகு போய்ப் புதியது படிய 10 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட வேண்டும். மெழுகு வேறு வகை என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்கும். பிறகு 10 தோட்டாவில் ஒரு குரூப். இப்படி லாட்டுக்கு நான்கு குரூப். கழிவும் சேர்த்து இரண்டு பெட்டி, அதாவது 100 தோட்டா, கையில் இருந்தால் போதும்.

ஒரு லாட்டின் நான்கு குரூப்பையும் ஒரே மூச்சில் சுடக் கூடாது. முதல் சுற்றில் லாட்டுகள் க, ங, ச என்று போனால் அடுத்த சுற்றில் ச, ங, க என்று திரும்ப வேண்டும். இல்லையென்றால் காலையில் சுட்ட லாட்டுக்கு அமைதியான காற்றும், கடைசி லாட்டுக்குச் சுடுநரின் களைப்பும் போய்ச் சேரும். நடுவில் சைட்டைத் தொடவே கூடாது. குரூப் எங்கே விழுந்தாலும் கவலையில்லை, எவ்வளவு பரவியது என்பதுதான் கணக்கு.

ஐந்து தோட்டா போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது. ஐந்து தோட்டாக் குரூப், அதே லாட்டின் சராசரியைவிடக் கால் பங்கு கூடவோ குறையவோ வருவது சர்வசாதாரணம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஆண்டு முழுவதுக்கும் வாங்கி வைத்தவர்கள் உண்டு. ‘இது என் தப்பு’ என்று சொல்லி ஒரு ஓட்டையைக் கழித்துவிடுவதும் அதே வகைதான். சுடும்போதே, தாளைப் பார்ப்பதற்கு முன் சொல்லியிருந்தால் ஒழிய, எந்த ஓட்டையையும் கழிக்கவில்லை.

அளப்பதில் ஒரு நுணுக்கம். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து, ஒரு ஓட்டையின் அகலத்தைக் கழிக்க வேண்டும். குண்டின் விட்டத்தைக் கழித்தால் கணக்கு தவறும், ஏனென்றால் தாள் சற்று விரிந்து சுருங்கிக் குண்டைவிடச் சிறிய ஓட்டையே மிஞ்சும். அதே தாளில் தனியே விழுந்த ஓர் ஓட்டையை அளந்து கழித்தோம்.

குரூப்பின் வடிவமும் பேசும். மேலும் கீழுமாக நீண்டால் பெரும்பாலும் வேக வித்தியாசம். நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் புறப்படும் தோட்டாவில் 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 8 மி.மீ. தாழ்ந்து விழும்; பத்துப் புள்ளி வட்டமே 10.4 மி.மீ. தான். பக்கவாட்டில் நீண்டால் முதலில் காற்றுக் கொடியைப் பாருங்கள், தோட்டாவைப் பழிக்காதீர்கள். இரண்டு கொத்தாகப் பிரிந்தால் திருகாணியை மறுபடி பாருங்கள்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் பெல்லட்டின் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) தலை அளவை 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று மாற்றிச் சுட்டோம். அதன் முடிவுகளும் பதிவேட்டில் உள்ளன.

விசையை அழுத்தியும் வெடிக்காமல் நின்ற தோட்டா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம்: குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடி காத்த பிறகே போல்ட்டை (சேம்பரை மூடும் பகுதி) திறக்க வேண்டும். சோதனை அவசரத்தில் இது தளரக்கூடும் என்பதால் சுடுதள அதிகாரியைத் தனியே அமர்த்தினோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பது: ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தேறிய லாட்டை மொத்தமாக வாங்கி, லாட் எண்ணைப் பெட்டியிலும் ரைஃபிள் உறையிலும் எழுதி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைப்பது. லாட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துவது. இருப்பு 500-க்கு இறங்கும்போதே அடுத்த லாட்டுகளின் சோதனையைத் தொடங்குவது. பழைய லாட்டில் இரண்டு பெட்டியைத் தொடாமல் ஒதுக்கி, புதியவற்றோடு அதையும் சேர்த்துச் சுடுவது. ஒப்பிடப் பழையது இல்லையென்றால், கெட்டது புதுத் தோட்டாவா தேய்ந்த குழலா என்று கண்டுபிடிக்க முடியாது.

செயலாளர்