"புழு இல்லை" என்று விற்ற லைவ் ராக்கில் பவளம் தின்னும் யூனிசிட் புழு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்.

ஐயா / அம்மா,

பிப்ரவரி 14 அன்று தங்கள் இணையக் கடையில் ஆறு கிலோ லைவ் ராக், அதாவது கடல்நீர் மீன்தொட்டியில் வைக்கும் உயிர் படிந்த பாறை, வாங்கினேன். கிலோ 650 ரூபாய், கூரியர் 700, ஆக 4,600 ரூபாய். 17ஆம் தேதி ஈரத்துணி சுற்றி தெர்மாகோல் பெட்டியில் பத்திரமாக வந்து சேர்ந்தது. பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடலிலிருந்து பெயர்த்த பவளப் பாறையை நான் வாங்குவதில்லை. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அந்த வம்பே வேண்டாம் என்றுதான் தங்களிடம் வந்தேன். "சிமென்ட்டில் வார்த்து எங்கள் தொட்டியில் எட்டு மாதம் ஊறவைத்தது, பூச்சி புழு இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்னுடையது பவளம் வளர்க்கும் 250 லிட்டர் ரீஃப் தொட்டி. மூன்று வருடமாக ஓடுகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜோவாந்திட் (பவளத்துக்கு உறவான மெல்லுடல் உயிர், சுருக்கமாக ஜோவா) கொத்து ஒன்றில் நடுவில் மட்டும் வழுக்கை விழ ஆரம்பித்தது. உப்பு அளவு (நீரின் ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26 டிகிரி, எல்லாம் சரியாகவே இருந்தன. நோயென்றால் பாலிப் (கொத்திலுள்ள ஒவ்வொரு சிறு உயிர்) சுருங்கும், கரையும். இதுவோ கத்தரியால் நறுக்கியது போல அடிக்காம்பு மட்டும் மிச்சம். அடுத்த வாரம் லெதர் பவளத்தின் ஓரம் கிழிந்தது. பிறகு ஃபயர்ஃபிஷ் ஒன்றைக் காணோம். அது எகிறிக் குதிக்கும் மீன் என்பதால் தரை, சம்ப் (கீழே உள்ள வடிகட்டும் தொட்டி), அலமாரிச் சந்து எல்லாம் தேடினேன். தொட்டிக்கு மேலே வலை மூடி வேறு போட்டிருக்கிறேன்.

டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு இரவு இரண்டு மணிக்குக் காத்திருந்தேன். தங்கள் பாறையின் பொந்திலிருந்து தலை வந்தது. தலையில் ஐந்து உணர்கொம்புகள். உடம்பு மயில்கழுத்துப் பட்டு மாதிரி பச்சையும் ஊதாவுமாக மின்னியது. ஒரு பாலிப்பைக் கவ்வி, ரப்பர் பேண்டை விட்டதுபோல் சட்டென்று உள்ளே போய்விட்டது. அதை வீடியோ எடுத்து ஏப்ரல் 20 அன்று தங்களுக்கு அனுப்பினேன்.

மறுநாள் வந்த பதில் இது: "சார், அது பிரிஸ்டில் வோர்ம். நல்ல புழுதான், மிச்சம் மீதி தின்று தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும். கவலைப்படாதீங்க."

என் புகாரே இந்தப் பதிலைப் பற்றித்தான். சாதாரண பிரிஸ்டில் புழு இளஞ்சிவப்பாக, இருபுறமும் வெள்ளை முள்மயிர் குஞ்சங்களோடு இருக்கும். தொட்டால் மயிர் விரலில் ஏறும், செலோடேப் ஒட்டி உரித்தால் போகும். அது அழுகலைத் தின்னும். அதை நானே வளர்க்கிறேன். நான் வீடியோ எடுத்தது யூனிசிட். அதற்கு அந்தக் குஞ்சம் கிடையாது, முட்கள் குட்டை. கொம்பு ஐந்து, வலுவான தாடை, உடம்பில் வானவில் மினுமினுப்பு. வீடியோவில் கொம்புகளை எண்ணவே முடியும். பதில் எழுதியவர் அதைத் திறந்து பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். "புழு" என்று பார்த்ததும் தயாராக வைத்திருந்த பதிலை ஒட்டிவிட்டார் போலிருக்கிறது.

இரண்டாம் முறை எழுதியபோது "இடுக்கியால பிடிச்சு இழுத்துடுங்க சார்" என்றார்கள். யூனிசிட் பொந்துச் சுவரில் முட்களை ஊன்றிக்கொள்ளும், இழுத்தால் அறுந்து மிச்சம் உள்ளேயே தங்கும் என்று தெரிந்தும், புத்தி கெட்டு முயன்றேன். இடுக்கி பட்டதும் ஒளிந்துகொண்டது. ஒன்பது இரவு தலைகாட்டவில்லை. பத்தாவது இரவு இரண்டாவது ஜோவா கொத்தும் போனது.

மே 11 அன்று பாறைகளை வெளியே எடுத்தேன். ஒரு வாளியில் உப்பு அளவை 1.040க்கு ஏற்றி, ஒவ்வொன்றாக முக்கி வைத்தேன். மற்றவை சும்மா இருந்தன. அந்தப் பாறையை வைத்துச் சற்று நேரத்தில் புழு தானாக நெளிந்து வெளியே வந்து விழுந்தது. தையல் டேப்பில் அளந்தால் 38 சென்டிமீட்டர். பின்னாலேயே 9 சென்டிமீட்டரில் இன்னொன்று! அதே வாளியில் விழுந்த சாதாரண பிரிஸ்டில் புழுக்களை உடனே பொறுக்கித் தொட்டியிலேயே திரும்ப விட்டேன். அவை என்ன பாவம் செய்தன?

பாறையில் உயிர் ஒட்டிக்கொண்டு வரும், அது எனக்கும் தெரியும். 2009-ல் இங்கிலாந்தில் நியூகே நகரின் புளூ ரீஃப் மீன்காட்சியகத்திலேயே பவளங்கள் துண்டாகி, மீன்கள் காணாமல் போய், கடைசியில் காட்சித் தொட்டியைப் பிரித்தபோதுதான் ஏறத்தாழ நான்கடி நீளப் புழு அகப்பட்டது. ஆனால் அவர்கள் யாருக்கும் "புழு இல்லை" என்று எழுதிக்கொடுத்து விற்கவில்லை. சிமென்ட் பாறையில் யூனிசிட் தானாக முளைக்காது. தங்கள் தொட்டியில் கடல் பாறையோ வேறு எதுவோ கலந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் விளக்கம் வேண்டும்.

பணம் கேட்டதற்கு "ஏழு நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டும், அன்பாக்சிங் வீடியோ எங்கே" என்கிறார்கள். பொந்துக்குள் இருக்கும் புழு அன்பாக்சிங் வீடியோவுக்கு வந்து நிற்குமா?

பாறைக்கும் கூரியருக்கும் கொடுத்த 4,600 ரூபாய், இரண்டு ஜோவா கொத்துக்கு 2,800, லெதர் பவளத்துக்கு 1,900, ஆக 9,300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மீனுக்கு நான் கேட்கவில்லை, அதைப் புழு தின்றதை நான் கண்ணால் பார்க்கவில்லை. தொட்டியைச் சோதித்து முடிக்கும் வரை "புழு இல்லை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் அதே தொட்டிப் பாறை வாங்கிய மற்றவர்களுக்கும் இரவில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லித் தகவல் அனுப்புங்கள். பணத்தைவிட இது அவசரம்.

மின்வணிக விதிகள் 2020-இன்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ளவும் ஒரு மாதத்தில் தீர்க்கவும் தாங்கள் கடமைப்பட்டவர்கள். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பில், வீடியோ, மின்னஞ்சல்கள் அனைத்தும் இணைத்துள்ளேன். இரண்டு புழுக்களும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் இருக்கின்றன. கூரியர்காரர் வாங்க மறுத்துவிட்டார். தங்கள் ஆள் கோவைப் பக்கம் வந்தால் நேரில் எடுத்துப் போகலாம், பாட்டிலை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது என் மாமியாருடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோயம்புத்தூர், மே 19