பென்சிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, கண்ணு

அணைக்கட்டு,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து என் மனசு புனேவிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றரை வயசுப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டில் தினமும் ஒரு பக்கம் வீட்டுப்பாடம். அவன் பென்சிலை வீசிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். மற்ற பிள்ளைகள் எழுதும்போது இவன் மட்டும் பின்தங்கிவிடுவானோ என்று கேட்டாய். மாப்பிள்ளையும் பையனும் மாறி மாறிப் பேசியதில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவன் பின்தங்கவில்லை. கை இன்னும் அதற்குப் பக்குவப்படவில்லை, அவ்வளவுதான். நம் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்புக்கு முறை வர 9, 10 வயசுகூட ஆகும். தோளில் வலு வர வேண்டும், உள்ளங்கைக்குப் பிடி வர வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். பிசைந்து, பிழிந்து, கிள்ளி, கோர்த்துத்தான் இதெல்லாம் வரும்.

31 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்து இதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் உன் விஷயத்தில் தவறு செய்தேன். உனக்கு மூணு வயசிலேயே பலகையைக் கையில் திணித்தேன். டீச்சர் பொண்ணுக்கே எழுத வரவில்லை என்று ஊரில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். 'அ'வுக்குச் சுழி போட வராமல் நீ அழுவாய், நான் உன் கையைப் பிடித்து அழுத்தி எழுத வைப்பேன். ஒரு நாள் பலகையைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டாய். அதே வாரம் மழை விட்டதும் வாசல் சேற்றை எடுத்து அடுப்பு, சட்டி, சட்டிக்கு மூடி, மூடிக்கு ஒரு குமிழ்கூட வைத்துச் செய்திருந்தாய். அந்தக் குமிழை உருட்டிய விரல்கள்தான் பிறகு எழுதின. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. பாவாடையைச் சேறாக்கினாய் என்று அடித்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

அதனால் சொல்கிறேன், சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அவனுக்கும் ஓர் உருண்டை கொடு. கொஞ்சம் மஞ்சள் தூள் சேர்த்தால் அவனுக்குத் தனி மாவு. பாம்பு உருட்டட்டும், பாம்பைக் கிள்ளித் துண்டு போடட்டும். நீ துணி துவைக்கும்போது அவன் கைக்குட்டையை அவனே பிழியட்டும். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோலை உடைப்பது எல்லாம் அவன் வேலை. மல்லாட்டையைத் தின்னக் கொடுக்கும்போது மட்டும் நசுக்கிக் கொடு, முழுசாகக் கொடுத்தால் புரையேறும்.

குளிக்கும் நேரத்தில் ஓர் ஒல்லி டம்ளரும் ஒரு குண்டுக் கிண்ணமும் கொடுத்து ஊற்றி ஊற்றி விளையாட விடு. கிண்ணத்துத் தண்ணீரை அப்படியே டம்ளருக்கு மாற்றினால், டம்ளரில்தான் தண்ணீர் ஜாஸ்தி என்பான். பியாஜே என்ற அறிஞர் இதை வைத்தே சோதனை செய்து பார்த்திருக்கிறார் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அந்த வயசுக்கு உயரம்தான் கண்ணில் படும். நீ திருத்தாதே. ஊற்றி ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவுதான் என்று ஒரு நாள் அவனே சொல்வான்.

கொட்டை பிரிக்கும் விளையாட்டில் மட்டும் ஜாக்கிரதை. எங்கள் சென்டரில் ஒரு பெண் குழந்தை புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வேலூருக்குப் போனேன், வழியெல்லாம் கை நடுங்கியது. கொட்டை ஊறினால் இன்னும் இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். நல்லவேளை, எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் மூணு வயசுக்குக் கீழே யாருக்கும் கொட்டை கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கு எண்ணிக் கொடுப்பேன், எண்ணித்தான் திரும்ப வாங்குவேன். பத்து கொடுத்தேன், ஒன்பதுதான் இருக்கு, ஒண்ணு எங்கே என்று பிள்ளைகளே பாய்க்கு அடியில் தேடுவார்கள். எண் பாடம் அதிலேயே நடந்தது. நீயும் அப்படியே செய், பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்.

மாண்டிசோரி சாமான் செட் ஏழாயிரம் ரூபாய் என்றாயே, வேண்டாம். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மா 1939ல், எழுபதை நெருங்கும் வயசில், சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தண்ணீர் ஊற்றுவது, பித்தான் போடுவது, பெருக்குவது, துடைப்பது என்று அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் பாதி வீட்டு வேலைதான். உன் சமையலறையிலேயே அந்த செட் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சண்டை போடாதே. டீச்சரைத் தனியாகப் பார்த்து, வீட்டில் இன்னும் எழுத வைக்கவில்லை என்று பொறுமையாகச் சொல். 2020ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய மூன்று வருஷம் விளையாட்டு வழியில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அந்த டீச்சருக்கும் மேலேயிருந்து நெருக்கடி இருக்கும், அதையும் மனசில் வைத்துக்கொள்.

எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டில் ரவையைப் பரப்பி விரலால் கோடு இழுக்கட்டும். நீ வாசலில் கோலம் போடும்போது அவன் கையிலும் கொஞ்சம் மாவு கொடு, புள்ளி வைக்கட்டும். கதை சொல், தமிழிலேயே சொல். அங்கே வேறு யார் அவனோடு தமிழ் பேசப் போகிறார்கள்?

மே மாதம் லீவுக்கு இங்கே அனுப்பு. வெயில் கொளுத்தும், அது நம் ஊர் வழக்கம்தானே. சாயங்காலம் அப்பா அவனைப் பாலாற்று மணலுக்குக் கூட்டிப்போய், மணலைக் கரையாகக் குவித்துக் குச்சியை ஒளித்து, கிச்சு கிச்சு தாம்பாளம் விளையாடுவார். நுங்கு வண்டியும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பூவரசு இலையில் பீப்பீ நான் செய்வேன்.

அதுவரைக்கும் ஒரு பார்சல் அனுப்புகிறேன். உன் பல்லாங்குழிப் பலகை இருக்கிறது, குழி ஒன்றில் மட்டும் கீறல். கரிகிரியில் பானை செய்கிறவரிடம் இரண்டு கிலோ களிமண் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் காய்ந்துபோனால் உடைத்து ராத்திரி முழுக்க ஊறப் போடு, காலையில் பிசைந்தால் பதம் வந்துவிடும். பால்கனியில் ஒரு பழைய கோணியை விரித்துக் கொடு. சட்டை அழுக்கானால் ஆகட்டும், ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா