கதை கேட்டதற்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு வணக்கம்.

பதினொரு வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். கூப்பிடுகிறீர்கள், வந்து கதை சொல்கிறோம், "நல்லா இருக்கு தம்பி, சொல்லி அனுப்புறோம்" என்கிறீர்கள். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போன வாரம் ஒரு டிரெய்லர் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கதை, ஊரில் இறந்தவர்களைக் கிடத்தும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவனைப் பற்றியது. அதில் ஒரு காட்சி. கிழவர் பெட்டிக்குள் கிடக்கிறார், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் மனைவி உள்ளே போய்க் கம்பளியை எடுத்து வந்து கண்ணாடி மேல் போர்த்துகிறாள். "அவருக்குக் குளிர் ஆகாது" என்கிறாள். இது நான் யோசித்துப் பிடித்ததில்லை. தாத்தா இறந்த அன்று எங்கள் அப்பத்தா செய்தது. முகம் பார்க்க வந்தவர்கள் கம்பளியை விலக்க விலக்க, அவள் மறுபடி இழுத்து மூடினாள். நாலாவது தடவை யாரும் விலக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வடபழனியில் ஓர் அலுவலகத்தில் இதைச் சொன்னேன். எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரெய்லரில் அதே பெட்டி, அதே கம்பளி, அதே வார்த்தை. அன்றைக்கு ராத்திரியே ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "உன் படம் வந்துருச்சாப்பா? நம்ம அப்பத்தாவ வச்சிருக்கியே, ஏன் சொல்லவே இல்ல?" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் குரலில். என் படம் இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிந்தாயா என்று கேட்பீர்கள். பதிந்திருக்கிறேன். ஆனால் பதிவு, நான் எந்தத் தேதியில் எழுதினேன் என்பதைத்தான் சொல்லும். நீங்கள் அதைக் கேட்டீர்கள் என்று சொல்லாது. "எங்களுக்கும் தானாகத் தோன்றியது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிரூபிக்கிற பாரம் முழுக்க என் தலையில். ஆர்.ஜி. ஆனந்த் 1953இல் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத்தான் 'நியூ டெல்லி' என்று 1956இல் படமாக்கினார்கள் என வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுக்கு உரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உரிமை என்றது. அவர் தோற்றார். நாடகம் போட்டவருக்கே அந்தக் கதி. மேன்ஷன் வாடகையை மூன்று பேர் பிரித்துக் கொடுக்கிற நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கதை கேட்டு முடித்ததும் அரைத் தாளில் தேதி, தலைப்பு, பக்க எண்ணிக்கை, அறையில் இருந்தவர்களின் பெயர் எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கதை பிடித்தது என்று எழுத வேண்டாம். படம் எடுப்பேன் என்றும் எழுத வேண்டாம். கேட்டேன் என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரே எண்ணம் இரண்டு பேருக்கு வரும், மறுக்கவில்லை. ரிலீஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொய்யாக உரிமை கொண்டாடி வருகிறவர்களும் உண்டு. அந்தத் தாள் அப்போது உங்களையும் காப்பாற்றும்.

சம்பளம் சொன்னபடி வருவதில்லை, தினப்படிக் காசான பேட்டாவுக்கு மாதக்கணக்கில் நடக்கிறோம், டிஸ்கஷனில் நாங்கள் சொல்லும் வசனத்துக்கு டைட்டிலில் பெயர் வருவதில்லை. எல்லாவற்றையும் தொழில் கற்கிறோம் என்று பொறுத்துக்கொண்டோம். வீட்டுச் சாவை எடுத்துக்கொண்டால் எப்படிப் பொறுப்பது? கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். உங்களை நம்பித்தான் இந்த ஊருக்கு வந்தோம்.

வியாழக்கிழமை இன்னொரு அலுவலகத்தில் கதை சொல்லப் போகிறேன். அந்தத் தாளை இரண்டு பிரதி எழுதி எடுத்து வருகிறேன். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உதவி இயக்குநர்