நினைவில்லத்துப் பெண்கள் கழிப்பறையின் பூட்டைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை
(முகவரி முந்தைய மனுக்களில் உள்ளபடி)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட அலுவலர் அவர்கள்

பொருள்: நம் ஊர் நினைவில்லத்தில் பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்பு தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய மனுக்களும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது பெற்ற மனுவும்.

ஐயா,

வணக்கம். நம் ஊர் நினைவில்லத்தைப் பற்றித் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற பிறந்தநாள் விழாவில் தியாகியின் படத்துக்கு மாலை அணிவித்த பிறகு, முற்றத்துத் தேக்குத் தூண்களைத் தாங்கள் தொட்டுப் பார்த்து வியந்தபோது நானும் அருகில்தான் நின்றிருந்தேன். அந்த முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால், கிணற்றடிக்கு இடப்புறம் நீல வண்ணம் பூசிய சிறிய கட்டடம் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கான கழிப்பறை அது. அதைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இதற்கு முன் எழுதியதும் இதற்காகவே. பதில் ஏதும் வராததால் மீண்டும் எழுதுகிறேன். அருள்கூர்ந்து இந்த மனுவைத் தாங்களே முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

முந்தைய மனுக்களில் சாய்தளம், குடிநீர்த் தொட்டி, பேருந்து நிறுத்தத்தில் வழிகாட்டிப் பலகை, கூடத்துக்கு மின்விசிறி ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டிருந்தேன். அவை வேண்டாம் என்பதல்ல. ஆனால் இந்த மனுவில் அவற்றைக் கேட்கவில்லை. இது ஒன்று நடந்தால் போதும்.

1. நான் நினைவில்லத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லத்தைச் சுற்றிக்காட்டுவதையும், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கடிதங்களை எழுத்தறியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவதையும் ஓய்வுக்குப் பின் விரும்பிச் செய்துவருகிறேன். காப்பாளர் நல்ல மனிதர். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அந்தப் பூட்டு அவர் போட்டதல்ல.

2. இந்தப் பக்கம் ஒரு நாள் பயணம் வருகிறவர்களின் வழி தாங்கள் அறிந்ததே. வடக்கிலிருந்து வருகிறவர்கள் காலையில் விருதுநகரில் காமராசர் இல்லத்தைப் பார்ப்பார்கள். பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள், ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவரின் வீடு இவ்வளவு சின்னதா என்று வேனில் ஏறிய பிறகும் பேசிக்கொண்டே வருவார்கள். அடுத்தது எட்டயபுரம். 1882இல் பாரதி பிறந்த வீடும், கல்கியின் முயற்சியால் மக்கள் கொடுத்த பணத்தில் எழுந்து 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபமும் அங்கே இருக்கின்றன. பிறகு வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம். கப்பல் ஓட்டியவரைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள் என்பதைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டை. இத்தனையும் பார்த்துவிட்டு, கடைசியாக நம் ஊருக்கு வரும்போது பிற்பகல் மூன்று மணி ஆகிவிடுகிறது. விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பெண்கள் அவர்கள். வழியில் உள்ள இடங்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. வந்து சேரும் இடத்தில், நம் ஊரில், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021இல் கட்டணம் இல்லாமல் ஆன பிறகு, வேன் பிடிக்க வசதியில்லாத பெண்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து சுயஉதவிக் குழுப் பெண்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் எல்லாம் புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறார்கள். கோயில் திருவிழாவைத் தவிர வேறெதற்கும் ஊர் எல்லை தாண்டாதவர்கள் ஒரு நினைவில்லத்துக்கு வருவது சின்ன விஷயமா, ஐயா?

3. வருகிறவர்கள் படும் பாட்டைச் சொல்கிறேன்.

முதலில், அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நம் கரிசல் மண்ணின் வெயில் எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் வந்து திண்ணையில் உட்காருகிறவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்கிறார்கள். உதடு வெடித்திருக்கிறது, நாக்கு வறண்டு பேச்சே குழறுகிறது, இருந்தும் வேண்டாம் என்கிறார்கள். குடித்தால் எங்கே போவது? பாட்டில் தண்ணீரில் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு மூடிவைக்கும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். ஊர் திரும்பிய பிறகு நீர்க்கடுப்பு வந்து, மாத்திரை வாங்கக் கூலியில் ஒரு பங்கைச் செலவழித்ததாக அடுத்த முறை வரும்போது சொல்கிறார்கள். பலர் அடுத்த முறை வருவதே இல்லை.

வயதானவர்கள் பாடு இன்னும் மோசம். சர்க்கரை நோய் உள்ள அம்மாமார் அடக்கிவைக்க முடியாமல் தவிக்கிறார்கள். மூட்டுவலியோடு நீலக் கட்டடம் வரை நடந்து போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இல்லத்துக்குப் பின்னால் காலி மனையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் அதற்குள்தான் போக வேண்டும். ஒருவர் போக, இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் பார்த்து நிற்பார்கள். முள் குத்தும், பாம்பும் நடமாடும். அந்த மனையின் மறுபுறம் டீக்கடை. அங்கே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த நாட்டுக்காகச் சிறை சென்ற ஒருவரின் வீட்டுக்குப் பின்னால், அவரைப் பார்த்துக் கும்பிட வந்த பெண்கள் முள்ளுக்குள் ஒளிய வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் வந்தார்கள். தியாகி சிறையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். மடித்த தாளின் ஓரம் பழுப்பேறி, மை ஊதா நிறமாகிவிட்ட அந்தக் கடிதத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். "பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதே" என்ற வரிக்கு நான் வந்தபோது ஒரு பெண் என் முந்தானையை இழுத்தாள். காதோடு காதாக, "டீச்சர், எனக்கு வந்துவிட்டது, எங்கே மாற்றுவது?" என்று கேட்டாள். கையில் நாப்கினைக் கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நான் கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு அவளை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். இரண்டு தெருவையும் துப்பட்டாவைப் பின்னால் இறக்கிவிட்டுக்கொண்டு, சுவரை ஒட்டியே நடந்தாள். நாங்கள் திரும்பி வருவதற்குள் பள்ளிப் பேருந்து கிளம்பத் தயாராகிவிட்டது. கடிதத்தின் மீதியை அவள் கேட்கவே இல்லை.

என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. வேனில் வருகிற பெண்கள் அதற்காக என் வாசலில் வரிசையில் நிற்பது அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும். நான் இருக்கும் நாளில் இப்படி. நான் ஊரில் இல்லாத நாளில்? முடியாத காலத்தில்?

இன்னும் ஒன்று. இல்லத்தின் வாசலில் இருக்கும் பார்வையாளர் பதிவேட்டைத் தாங்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஆண்கள் "அருமை", "பயனுள்ளது", "நன்றாகப் பராமரிக்கப்படுகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். அதே பக்கத்தில் பெண்களின் கையெழுத்தில் "கழிப்பறை வேண்டும்", "பாத்ரூம் திறக்கவும்", "பெண்களுக்கு வசதி இல்லை" என்று இருக்கிறது. பெயருக்குக் கீழே வேறொன்றும் எழுதாமல் அதை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதிவேடு ஒவ்வொன்றும் நிறைந்ததும் அலுவலகத்துக்குத்தான் போகிறது. அங்கே யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லையா?

4. பூட்டுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்: முதலில், தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை என்றார்கள். இணைப்பு வந்தது. பிறகு மோட்டார் பழுது என்றார்கள். அதுவும் சரிசெய்யப்பட்டது. கிணற்றடிச் செடிகளுக்கு அந்த மோட்டார் தண்ணீரைத்தான் விடுகிறார்கள். அடுத்து, சுத்தம் செய்ய ஆள் நியமனம் ஆகவில்லை என்றார்கள். கட்டடத்தைக் கட்டியது ஒரு அலுவலகம், பராமரிக்க வேண்டியது இன்னொரு அலுவலகம், முறைப்படி ஒப்படைக்கும் வரை திறக்க முடியாது என்பது கடைசியாக எனக்குச் சொல்லப்பட்ட காரணம். யார் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டேன். இந்த அலுவலகத்தில் அந்த அலுவலகத்தைச் சொன்னார்கள். அந்த அலுவலகத்தில் இந்த அலுவலகத்தைச் சொன்னார்கள். ஐயா, இரண்டு அலுவலகமும் ஒரே அரசாங்கத்துடையவை அல்லவா? நடுவில் நின்று கால்மாற்றித் தவிக்கிற பெண்ணுக்கு எந்த அலுவலகம் எது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

5. சாவி இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம். சாவி இருக்கிறது. பிறந்தநாள் விழாவுக்கும் நினைவுநாளுக்கும் முக்கியமானவர்கள் வரும் காலையில் அந்தக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஓடு கழுவி, பினாயில் தெளித்து, வாளியும் குவளையும் சோப்பும் வைத்திருக்கிறார்கள். நானே பார்த்தேன். விருந்தினர்களின் கார் தெருமுனை திரும்பியதும் மறுபடி பூட்டு ஏறிவிடுகிறது. அப்படியானால் தண்ணீர் வருகிறது, கதவு நன்றாக இருக்கிறது, கழுவ ஆள் கிடைக்கிறார். எல்லாம் இருந்தும், கட்டணமில்லாப் பேருந்தில் ஏறி, புளியோதரைப் பொட்டலத்தோடு வந்த பெண்ணுக்கு மட்டும் அது பூட்டியிருப்பது ஏன்? இந்தக் கேள்விக்கு எனக்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். ஆசிரியையாக இருந்த நான் எவரிடமும் குரல் உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் இதைப் பணிவாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

6. ஆள் இல்லை என்பதுதான் உண்மையான தடையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. எங்கள் தெரு மகளிர் குழுவினர் காலையும் மாலையும் சுத்தம் செய்து, சாவியைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தத் தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அவர்களுக்கு நியாயமான மாதச் சம்பளம் கொடுங்கள். அது முடியாதென்றால் ஆளுக்கு ஐந்து ரூபாய் வசூலித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். அதைக் கொடுக்க மாட்டேன் என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். குப்பைக்கூடை ஒன்றும், உள்பக்கம் சரியாக விழும் தாழ்ப்பாள் ஒன்றும் போதும். வேறு எந்தச் செலவும் தேவையில்லை.

7. திறந்துவிடுங்கள், ஐயா.

தங்களுக்கு எத்தனையோ பணிகள் இருக்கும். பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் கட்டப்பட்டு வருகின்றன. கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தை நானும் போய்ப் பார்த்து மனம் நிறைந்து வந்தேன். அவற்றுக்கு நடுவே ஒரு சிறிய ஊரின் பழைய வீட்டுப் பின்கட்டில் இருக்கும் ஒரு பூட்டு தங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஆனால் முதல்முறையாக ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன்னால் வந்து நிற்கிற பெண்ணுக்கு அருங்காட்சியகம் என்பது இந்த வீடுதான். அவள் நின்று, நிதானமாக எல்லாவற்றையும் பார்த்து, கேள்வி கேட்டு, கடைசிக் கடிதம் வரை கேட்டுவிட்டுப் போக வேண்டும். இப்போது அப்படி நடப்பதில்லை. கூடத்தில் கால் வைத்த சிறிது நேரத்திலேயே "கிளம்பலாமா டீச்சர்" என்கிறார்கள். சிலர் வேனைவிட்டு இறங்குவதே இல்லை. இறங்கினால் நடக்க வேண்டும், நடந்தால் தாகம் எடுக்கும் என்று உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து, வாசலில் வண்டி நிற்க, வீட்டைப் பார்க்காமல் திரும்பிப் போகிறார்கள்.

பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. அந்த நாட்களில்தான் வேன்கள் அதிகம் வரும். அதற்குள் அந்தக் கழிப்பறையைத் திறந்து, இல்லம் திறந்திருக்கும் எல்லா நாளும், எல்லா நேரமும் பெண்கள் பயன்படுத்தும்படி ஆணையிட வேண்டுமென்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்போல இந்த மனுவையும் வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவைக்காமல் தாங்களே ஒரு நாள் முன்னறிவிப்பின்றி, பிற்பகல் மூன்று மணிக்கு இல்லத்துக்கு வந்து பார்க்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் தாங்களே கேளுங்கள். முடிந்தால் தங்கள் இல்லத்துப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.

எப்படியாவது திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ரசீது நகல், மகளிர் குழுவின் சம்மதக் கையெழுத்துகள், பூட்டின் புகைப்படம்.