அடியில கடல் இல்ல சார், கல்லுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பூமிக்குள்ள என்ன இருக்குன்னு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. தலைப்பப் பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு, இந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் கிடைக்கிறதே பெருசு. ஆனா ரெண்டாவது பத்தியிலயே "முப்பது கிலோமீட்டருக்குக் கீழே பூமி முழுவதும் கொதிக்கும் எரிமலைக் குழம்புக் கடல்தான், விஞ்ஞானிகள் துளையிட்டு இதை உறுதி செய்துள்ளனர்"னு ஒரு வரி. மிச்சத்தையும் படிச்சேன், ஆனா மனசு அந்த வரியிலயே நின்னுபோச்சு.

உங்களுக்குத் தெரியாததில்ல, 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு இதுவரைக்கும் யாரும் துளை போட்டதே கிடையாது. ரஷ்யாவுல கோலா தீபகற்பத்துல 1970ல ஆரம்பிச்சு 1989 வரைக்கும் போராடி 12,262 மீட்டர் போனாங்க, அதுதான் கீழ்நோக்கி மனுசன் போட்ட ஆழமான துளை. அடியில 100 டிகிரி சூடு இருக்கும்னு எதிர்பாத்தா 180 டிகிரி இருந்துச்சு, அதுக்கு மேல துளைக்க முடியல. குழம்பு ஒரு சொட்டுகூட வரல. பூமி மையத்துக்கு 6,371 கிலோமீட்டர், அதுல 12 கிலோமீட்டர்னா மேல்தோல்கூட கிழியலன்னு அர்த்தம்.

நான் இத புத்தகத்துல மட்டும் படிச்சிட்டு எழுதல. சைஸ்மிக் சர்வே க்ரூவுல 11 வருஷம் வேலை பாத்தவன். ஷாட் ஹோல் போட்டு வெடி வெச்சு, கிலோமீட்டர் கணக்குல கேபிள் இழுத்து, வரிசையா ஜியோஃபோன்ங்கிற அதிர்வு வாங்குற கருவிய ஊன்றி, கீழ இருந்து திரும்பி வர்ற அதிர்வப் பதிவு பண்றதுதான் எங்க பொழப்பு. காத்து கொஞ்சம் பலமா அடிச்சா, யாராவது பக்கத்துல நடந்து போனா, அதுவும் பதிவுல ஏறிடும், எல்லாரும் அசையாம நிக்கணும். அப்படி வந்த கோடுகள வெச்சு மூணு நாலு கிலோமீட்டர் கீழ எந்த அடுக்கு எங்க சாயுதுன்னு சொல்லுவோம். தோண்டாமலே. குடத்தத் தட்டிப் பாத்து நிறைஞ்சிருக்கா காலியான்னு சொல்றோமில்ல, அதே வேலைதான். நாங்க வெடி வெச்சுப் பண்ணினத பூகம்பம் பூமி முழுசுக்கும் பண்ணுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1897ல அசாம்ல பெரிய பூகம்பம் வந்துச்சு. இந்திய நிலவியல் துறையில இருந்த ஓல்டாம், அது எங்கயோ தூரத்துல இருந்த கருவிகள்ல எப்படிப் பதிவாச்சுன்னு பாத்துதான் பி அலை, எஸ் அலை, மேற்பரப்பு அலைன்னு தனித்தனியா வந்து சேருதுன்னு காட்டினார். அதே மனுசன் 1906ல பூமிக்கு நடுவுல வேற மாதிரி ஒரு கரு இருக்குன்னும் சொன்னார். எஸ் அலைன்னா பக்கவாட்டுல குலுக்கிக்கிட்டே போற அலை, திரவத்துக்குள்ள அது போகவே போகாது. அந்த அலை மேலோட்டுக்குக் கீழ 2,890 கிலோமீட்டர் வரைக்கும் ஜோரா போகுது சார். போகுதுன்னா அங்க இருக்கிறது கல்லு. நீங்க சொல்ற குழம்புக் கடல் இருந்திருந்தா முப்பதாவது கிலோமீட்டர்லயே அது செத்திருக்கணும். 2,890க்குக் கீழதான் அந்த அலை நிக்குது, அங்கதான் உருகின இரும்பால ஆன வெளிக்கரு இருக்கு, அது திரவம்தான்னு இங்கிலாந்து விஞ்ஞானி ஜெஃப்ரீஸ் 1926ல உறுதியா சொல்லிட்டார்.

அப்போ எரிமலைக் குழம்பு எங்கேருந்து வருதுன்னு கேப்பீங்க. மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவுல இருக்கிற கவசத்துப் பாறை சில இடத்துல மேல ஏறும்போது அழுத்தம் குறைஞ்சு கொஞ்சமா உருகுது, நிலத்தட்டு ஒண்ணுக்கு அடியில இன்னொண்ணு போற இடத்துல தண்ணி கலந்து சீக்கிரம் உருகுது. அங்கங்க, கொஞ்சம் கொஞ்சம். மத்தபடி கவசம் கல்லாவே இருந்துக்கிட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகருது, பனியாறு கட்டியா இருந்துக்கிட்டே நகருற மாதிரி. காலேஜ் லேப்ல எரிமலை மேல கொண்டுவந்த கவசத் துண்டு ஒண்ண கையில வெச்சுப் பாத்திருக்கேன், பச்சைப் பச்சையா ஒலிவின் கனிமம், அவ்வளவு அழகு. அதத் தொட்ட கையாலதான் உங்க பக்கத்தையும் புரட்டினேன்.

இது முதல் தடவையா இருந்திருந்தா எழுதியிருக்கவே மாட்டேன். 2014ல "பூமிக்கு அடியில் பிரம்மாண்ட கடல் கண்டுபிடிப்பு"ன்னு முதல் பக்கத்துல போட்டீங்க. பிரேசில்ல கிடைச்ச ஒரு வைரத்துக்குள்ள ரிங்வுடைட்னு துளியூண்டு கனிமம், அதோட அமைப்புக்குள்ள ஒண்ணரை சதவீதம் தண்ணி கட்டுண்டு கிடந்துச்சு, செய்தி அதுதான். அதுல மீனும் நீந்தாது, அலையும் அடிக்காது. 2023 ஜனவரியில "பூமியின் மையம் சுழல்வது நின்றது"ன்னு போட்டீங்க, எங்க தெருவுல ஒரு பாட்டி உலகம் அழியப்போவுதான்னு என்னக் கேட்டாங்க. நடுவுல இருக்கிற திட இரும்பு உருண்டையான உள்கரு பூமியோட சேர்ந்து தினமும் சுத்திக்கிட்டுதான் இருக்கு, கவசத்த ஒப்பிட்டா அது கொஞ்சம் முந்துதா பிந்துதாங்கிறதுதான் அந்த ஆய்வு. ரெண்டு தடவையும் கடிதம் போட்டேன், பதில் வரல. வேலை பளு இருக்கும்னு எடுத்துக்கிட்டேன்.

எனக்கு வலிக்கிறது இன்னொரு காரணத்துக்காக. இங்கெ லேமன் (Inge Lehmann)னு டென்மார்க்குல ஒரு பூகம்ப ஆய்வாளர் அம்மா இருந்தாங்க. 1929ல நியூசிலாந்து பூகம்பத்தோட அலை வரக்கூடாத இடத்துல லேசா வந்திருந்தத கவனிச்சு, மத்தவங்க அலட்சியமா விட்ட அந்தச் சின்னக் கோட்ட விடாம யோசிச்சு, 1936ல திரவக் கருவுக்குள்ள இன்னொரு கரு, அதாவது அந்த உள்கரு, இருக்குன்னு சொன்னாங்க. அவங்க தோட்டத்துல உக்காந்து ஓட்ஸ் டப்பாக்குள்ள அட்டை அட்டையா குறிப்பு அடுக்கி வெச்சிருந்தத அவங்க சொந்தக்காரர் எழுதியிருக்கார். கம்ப்யூட்டர் கிடையாது, தோண்டினதும் கிடையாது. இப்படி எத்தன பேரோட உழைப்பு "துளையிட்டு உறுதி செய்துள்ளனர்"ங்கிற மூணு வார்த்தையில காணாமப் போச்சுன்னு நினைச்சுப் பாருங்க.

வீட்டுலயும் ஒரு கதை இருக்கு. என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. கவசம் பெரும்பாலும் திடப்பாறைன்னு பரீட்சையில எழுதினதுக்கு மார்க் போடல. நான் போய்க் கேட்டேன். டீச்சர் கோவிச்சுக்கல, மரியாதையாத்தான் பேசினாங்க, ஆனா வகுப்புச் சுவத்துல ஒட்டியிருந்த ஒரு பேப்பர் துண்டக் காட்டி "பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்"னாங்க. அது உங்க பேப்பர். பழைய இணைப்பு ஒண்ணு, அதே ஆரஞ்சு கலர் குழம்பு உருண்டை படம். 22 வருஷமா காசு கொடுத்து வாங்குற பத்திரிகைகிட்ட நான் அன்னிக்குத் தோத்துட்டு வந்தேன். பொண்ணு வழியெல்லாம் ஒண்ணும் பேசல, வீட்டு வாசல்ல வந்துதான் "அப்போ நான் எழுதினது தப்பாப்பா"ன்னு கேட்டா.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த ஞாயிறு இணைப்புல, அதே பக்கத்துல, கவசம் திடப்பாறை, வெளிக்கரு மட்டும்தான் முழுசா திரவம், இது பூகம்ப அலைய வெச்சுக் கண்டுபிடிச்சதுன்னு மூணு வரித் திருத்தம் போடுங்க. அந்த ஆரஞ்சு உருண்டைப் படத்த இனிமே போடாதீங்க. முடிஞ்சா இந்த மாதிரிக் கட்டுரைய அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நிலவியல் படிச்ச ஒருத்தர்கிட்ட ஒரு தடவ காட்டுங்க, கேட்டா நானே படிச்சுத் தர்றேன், பணம் வேண்டாம்.

திருத்தம் போட்டீங்கன்னா பக்கத்துல தேதி தெளிவா தெரியிற மாதிரி போடுங்க சார். அத வெட்டி எடுத்துக்கிட்டு நான் திரும்ப அந்த ஸ்கூலுக்குப் போகணும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்