கொட்டேஷனில் எழுதியது வேறு, கேபினட்டுக்குள் இருப்பது வேறு: கேமிங் கம்ப்யூட்டர் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: கொட்டேஷனுக்கு மாறான பாகங்களுடன் வந்த கேமிங் கம்ப்யூட்டர் – எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), ராம், கேபினட் ஆகியவற்றை மாற்றித் தரவும், யுபிஎஸ்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும், கிராஃபிக்ஸ் கார்டைப் பரிசோதிக்கவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையதளத்தில் ஆர்டர் செய்து, ஐந்தரை லட்ச ரூபாயை முழுவதும் முன்பணமாகக் கட்டி வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர், பெரிய கேம் எதைத் திறந்தாலும் சற்று நேரத்தில் பட்டென்று அணைந்து, தானாகவே மறுபடியும் ஆன் ஆகிறது. இதற்குத் தங்கள் சேவைப் பிரிவு திரும்பத் திரும்பச் சொல்லும் பதில், ‘உங்கள் ஊர் வோல்டேஜ் சரியில்லை’ என்பதுதான். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கோளாறு தாங்கள் மாற்றிப் போட்ட பாகங்களிலும் அவற்றை மாட்டிய விதத்திலும் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். உங்கள் டெக்னீசியன் பக்கத்தில் இருக்கும்போது இதைப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கொட்டேஷனில் இருந்தவை இவை: ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், 32 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு, எக்ஸ்870ஈ மதர்போர்டு, 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர், 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக 64 ஜிபி டிடிஆர்5 6000 சிஎல்30 ராம், 2 டிபி எஸ்எஸ்டி, கார்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 12வி-2×6 கேபிளுடன் கூடிய, ஏடிஎக்ஸ் 3.1 என்ற தர விதிப்படியான 1200 வாட் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலையிட்ட கேபினட். இவற்றில் பிராசசர், கார்டு, மதர்போர்டு, கூலர், எஸ்எஸ்டி ஐந்தும் சொன்னபடி வந்திருக்கின்றன. எஸ்எம்பிஎஸ், ராம், கேபினட் மூன்றும் மாறியிருக்கின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் பெயர்களைத் தொடாமல், வாங்குபவர் அவ்வளவாகக் கவனிக்காத இடங்களில் மட்டும் கை வைத்திருக்கிறீர்கள். கேட்டால், கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ‘அல்லது அதற்கு இணையான பாகம்’ என்ற வரியைக் காட்டுகிறீர்கள். 1200 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தாங்கள் மாட்டியிருக்கும் 850 வாட் எந்தக் கணக்கில் இணை?

கணக்கையே பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் மின்தேவை 575 வாட். 9800எக்ஸ்3டி 120 வாட் பிராசசர் என்றாலும் சாக்கெட் வழியாக 162 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கூலர் பம்ப், ஃபேன்கள், விளக்குகள் எல்லாம் சேர்த்து 70, 80 வாட். கூட்டினால் 810 வாட்டை ஒட்டி வருகிறது. கேம் ஓடும்போது பிராசசர் முழு அளவை இழுக்காது, 100 வாட்டுக்குள்தான் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தாலும் 750 வாட் இடைவிடாத சுமை. அதற்குமேல், இந்த வகைக் கார்டு சீராக மின்சாரம் எடுப்பதில்லை. நொடியின் மிகச் சிறு பகுதியில் தன் அளவைத் தாண்டி மிக உயரத்துக்குத் தாவிவிட்டு இறங்கும். ஏடிஎக்ஸ் 3.0 முதலான எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப்போல இரண்டு மடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். தாங்கள் மாட்டியிருப்பது அதற்கு முந்தைய தலைமுறை எஸ்எம்பிஎஸ். அதன் லேபிளில் ஏடிஎக்ஸ் 3 என்ற குறிப்பே கிடையாது. கார்டு தாவும்போது அதன் பாதுகாப்புச் சுற்று விழுந்துவிடுகிறது, கம்ப்யூட்டர் அணைகிறது. கார்டின் சிப்பை உருவாக்கும் என்விடியா நிறுவனமே 5090-க்குக் குறைந்தது 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று அறிவித்திருக்கிறது. ‘80 பிளஸ் கோல்டு’ என்று லேபிளில் இருக்கிறதே என்கிறது உங்கள் சேவைப் பிரிவு. அது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று. சுமை தாங்கும் பலத்துக்கோ உள்ளே போட்ட பொருளின் தரத்துக்கோ சான்று ஆகாது.

இனி வோல்டேஜ். இந்த எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் அணையும் நேரத்தில் அதே பிளக் பாயிண்டில் மல்டிமீட்டர் 220-க்கு மேலேதான் காட்டுகிறது, அதே லைனில் எரியும் டியூப்லைட் சிமிட்டக்கூட இல்லை. விண்டோஸ் பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று வந்திருப்பதைக் காட்டி மின்சாரக் கோளாறு என்கிறார் உங்கள் டெக்னீசியன். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டுமே அந்தப் பதிவு சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது, அதையும் செய்து வீடியோ அனுப்பியிருக்கிறேன். கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக, அதாவது சுமார் 400 வாட்டாக இறக்கினால், அதே கேம் அதே பிளக்கில் தடையில்லாமல் ஓடுகிறது. 100-க்கு ஏற்றினால் அணைகிறது. வள்ளியூர் வோல்டேஜ் கார்டின் பவர் லிமிட்டைப் பார்த்து ஏறி இறங்காது.

அணைவதோடு நின்றிருந்தால் இது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் முடிகிற காரியம். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது அதைவிட மோசமானது. மாட்டிய எஸ்எம்பிஎஸ்ஸில் 12வி-2×6 கேபிள் இல்லை. ஆகவே கார்டுடன் வந்த நான்கு தலை அடாப்டரைப் போட்டிருக்கிறார்கள். அந்த அடாப்டரின் நான்கு 8-பின் தலைகளுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக நான்கு கேபிள்கள் வர வேண்டும். இங்கே வந்திருப்பவை மூன்று. நான்காவது தலையை, ஒரு கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டை இணைப்பில் சொருகியிருக்கிறார்கள். ஒரு 8-பின் தலைக்கு உரிய அளவு 150 வாட். 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்ப், மூன்று கம்பிகளுக்குப் பிரித்தால் கம்பிக்கு 4 ஆம்பும் சொச்சமும். இரண்டு தலைகள் ஒரே கேபிளில் தொங்கும்போது கம்பிக்கு 8 ஆம்புக்கு மேல் போகிறது. கார்டுக்கு இது தெரியாது. நான்கு தலைகளும் சொருகப்பட்டிருப்பதால் 600 வாட் கிடைக்கும் என்றே அடாப்டரின் சென்ஸ் பின்கள் அதற்குச் சொல்கின்றன.

கார்டு பக்கத்து முனை இன்னும் கவலைக்குரியது. பிளக்கின் கொக்கி பூட்டவில்லை. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறது. கேபிள் பிளக்கை விட்டு வெளியே வந்த இடத்திலேயே மடிந்து கண்ணாடியில் முட்டி நிற்கிறது. அதன் துணி உறையில் கண்ணாடி அழுத்திய தடம் நீளவாக்கில் பதிந்திருக்கிறது. இந்த வகை இணைப்பில் முதல் 35 மில்லிமீட்டருக்குக் கேபிளை வளைக்கக் கூடாது என்பது கம்ப்யூட்டர் பூட்டுகிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 575 வாட் என்றால் 48 ஆம்ப், ஆறு பின்களுக்குப் பிரித்தால் பின்னுக்கு 8 ஆம்ப். ஒரு பின்னின் வரம்போ 9 ஆம்பை ஒட்டித்தான் இருக்கிறது. பிளக் சாய்ந்து இரண்டு பின்கள் சரியாகத் தொடாமல் போனால், அவற்றின் பங்கும் மற்ற நான்கின் தலையில் விழும். பெரும்பாலான 5090 கார்டுகளில் இந்த ஆறு பின்களும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், எந்தப் பின்னில் எவ்வளவு ஓடுகிறது என்று கார்டு கவனிப்பதும் இல்லை. பிளக்கின் கீழ் வரிசை ஓரத்தில் பிளாஸ்டிக் இப்போதே பழுப்பேறியிருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்த நாளிலிருந்து கம்ப்யூட்டருக்கு மின் இணைப்பே கொடுக்கவில்லை.

ராம் விஷயம். 64 ஜிபி வந்திருக்கிறது, ஆனால் 16 ஜிபி ஸ்டிக் நான்காக, அதுவும் ஜோடியாக விற்கப்படாத இரண்டு வேறு பெட்டிகளிலிருந்து. ‘64 என்றோம், 64 கொடுத்தோம்’ என்பது இந்த ஏஎம்5 வகை மதர்போர்டில் செல்லாத பதில். ரைசன் 9000 வரிசைக்கு அதன் தயாரிப்பாளரான ஏஎம்டி அறிவித்திருக்கும் ராம் வேகம் இரண்டு ஸ்டிக் போட்டால் 5600, நான்கு போட்டால் 3600. இரண்டு ஸ்டிக்கில் எக்ஸ்போவை (ராமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் பயாஸ் வசதியை) ஆன் செய்தால் 6000 சாதாரணமாக எட்டும். நான்கில் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இந்தக் கம்ப்யூட்டரில் எக்ஸ்போவை ஆன் செய்தால் மதர்போர்டில் ராம் கோளாறைக் காட்டும் டிராம் விளக்கு எரிந்தபடியே நிற்கிறது, திரை வருவதில்லை. பூட்டியவருக்கும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். ஏனென்றால் பயாஸில் எக்ஸ்போவை அணைத்து, 3600-ல் ஓடவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். 6000-க்கு விலை வாங்கிக்கொண்டு 3600 கொடுத்தது இது. 9800எக்ஸ்3டியில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்) இருப்பதால் ராம் மெதுவானாலும் மற்ற பிராசசர்கள் அளவுக்கு அடிபடாது என்பது உண்மைதான். சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். கூட்டமான காட்சிகளில் சட்டென்று விழும் குறைந்தபட்ச ஃபிரேமில் தெரியும். அந்த விக்கலைத் தவிர்க்கத்தான் இந்த விலைக்கு ஒருவர் வாங்குகிறார்.

எஸ்எஸ்டி சிறு குறை. பிராசசருக்குப் பக்கத்திலுள்ள முதல் எம்.2 ஸ்லாட்டைக் காலியாக விட்டு இரண்டாவதில் மாட்டியிருக்கிறார்கள். இந்தப் போர்டில் அந்த ஸ்லாட் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டின் லேன்களை, அதாவது தரவு செல்லும் பாதைகளை, பங்குபோடும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. ஜிபியு-இசட் மென்பொருளில் கார்டு 16-க்குப் பதில் 8 லேனில் ஓடுவதாகக் காட்டுகிறது. பிசிஐஇ 5.0-ல் 8 லேன் என்பதால் வேக இழப்பு சொற்பம். ஒரு திருகைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். ஆனாலும் கையேட்டைத் திறக்காமல் பூட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இது அத்தாட்சி.

கேபினட்டுக்கு வருகிறேன். வலை முகப்புக்குப் பதிலாக முன்னும் பக்கமும் கண்ணாடி வைத்த கேபினட் வந்திருக்கிறது. படத்துக்கு அழகாக இருக்கும். உள்ளே காற்று நுழைய ஓரத்தில் விரல் அகலச் சந்து மட்டும். கார்டும் பிராசசரும் சேர்ந்து கக்கும் சூடு ஏறக்குறைய 700 வாட். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறை இங்கே 36 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்த அறையில் இஸ்திரிப் பெட்டியைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து மூடியது போல இது. அறைச் சூடு எத்தனை டிகிரி கூடுகிறதோ, உள்ளே இருக்கும் பாகமும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும். சென்னையில் ஏசி போட்ட பூட்டுமிடத்தில் 24 டிகிரியில் பார்த்த டெஸ்ட் ரிப்போர்ட்டை இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. தூசியும் உண்டு. ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றும் காற்றுதான் ஜன்னல் வழியாக மண்ணையும் கொண்டுவருகிறது. கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் இல்லாத கேபினட்டில் ரேடியேட்டர் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். ஆர்டர் செய்யும்போதே வலை முகப்பும் ஃபில்டரும் வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு இதுவே காரணம். 5090-இன் பிளக் கண்ணாடியில் முட்டாமல் இருக்கும் அகலமும் மாற்றுக் கேபினட்டுக்கு இருக்க வேண்டும்.

‘இந்த சிஸ்டத்துக்குப் போதும்’ என்று சேர்த்து விற்ற யுபிஎஸ்ஸின் லேபிளில் 1000 விஏ, 600 வாட் என்று இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பும் மானிட்டரும் சேர்ந்தால் கேம் ஓடும்போது இந்த சிஸ்டம் சுவரிலிருந்து 850 வாட்டுக்குக் குறையாமல் எடுக்கும். கேம் ஓடும்போது கரன்ட் போனால் யுபிஎஸ் ஓவர்லோடில் கத்திவிட்டு அணையும். காற்றுக் காலத்தில் லைன் அடிக்கடி விட்டு விட்டு வரும் ஊருக்கு 2000 விஏ அளவில், பியூர் சைன்வேவ் யுபிஎஸ் சொல்லியிருக்க வேண்டும்.

பில்லில் ‘கேமிங் கம்ப்யூட்டர் – 1’ என்று ஒரே வரி. பாகங்களின் மாடல் எண்ணும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. இதை வைத்து எந்தப் பாகத்துக்கும் அதன் தயாரிப்பாளரின் வாரண்டியைக் கோர முடியாது. பிராசசர் தனிப் பெட்டியில் வந்ததா, பெட்டியில்லாமல் டிரேயில் வந்ததா என்பதும் தெரியவில்லை. டிரேயில் வந்ததென்றால் மூன்றாண்டு ஏஎம்டி வாரண்டி நேரடியாகக் கிடைக்காது.

ஆகவே நான் கேட்பது: கொட்டேஷனில் உள்ள அதே 1200 வாட் ஏடிஎக்ஸ் 3.1 எஸ்எம்பிஎஸ்ஸையும், ஒரே பெட்டியில் வந்த 32 ஜிபி ஜோடி ராமையும், வலை முகப்புக் கேபினட்டையும் எடுத்துக்கொண்டு தங்கள் ஆள் வள்ளியூருக்கே வந்து மாற்றித் தர வேண்டும். கம்ப்யூட்டரை என் செலவில் சென்னைக்கு அனுப்பச் சொல்வதை ஏற்க முடியாது. இவ்வளவு கனமான கார்டை ஸ்லாட்டில் மாட்டிய நிலையிலேயே, உள்ளே ஃபோம் வைக்காமல், தாங்கும் கம்பியும் இல்லாமல் 600 கிலோமீட்டருக்கு மேல் கூரியரில் அனுப்பியவர்கள் தாங்கள். அதே பயணத்தை இன்னொரு முறை அந்த ஸ்லாட் தாங்க வேண்டியதில்லை. பழுப்பேறிய பிளக் பொருந்தியிருந்த கார்டின் சாக்கெட்டைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். சாக்கெட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் கார்டையே மாற்ற வேண்டும். அதை ‘பயனர் தவறு’ என்று தள்ள இடமில்லை. பிளக்கைச் சொருகியது தங்கள் ஆள், பார்சல் பிரித்தது முதல் எல்லாம் வீடியோவில் இருக்கிறது. யுபிஎஸ்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண், சீரியல் எண், விலையுடன் புதிய பில் வேண்டும். இவை முடியாது என்றால் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரலாம்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி இந்தப் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால், 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிப்பதால், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன்.

வருகிறவர் 12வி-2×6 கேபிளைத் தனியாகக் கொண்டுவரட்டும். பழைய அடாப்டர் சான்றாக என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
வள்ளியூர்.